கத்திக்கு முன்னால் கல்: டர்பனில் ஒரு ஜப்பானியக் கத்தி வைத்த செலவு

கத்தியின் விலை 3,200 ராண்ட். அது நான் சொன்னபடி கேட்டு வெட்டத் தொடங்குவதற்குள் செலவு 6,000 ராண்டைத் தாண்டிவிட்டது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பனில் ஓர் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் என்னை வாட்டியது. கூட வேலை பார்க்கிற மாஸ்டர்கள் எல்லாரும் எவர்சில்வர் கத்திக்காரர்கள். கறுத்த கத்தியைப் பார்த்தால் "என்ன மாஸ்டர், பழைய இரும்புக் கடையில வாங்குனீங்களா?" என்று ஒரு சிரிப்பு, அதோடு சரி. இந்தக் கத்தியைப் பற்றிப் பேசுகிறவர்களோ கேரட்டும் பச்சை மீனும் வெட்டுகிறவர்கள். மஞ்சளும் புளியும் எலும்புக் கோழியும் பட்டர்நட் பூசணியும் புழங்குகிற நம் சமையலறையில் அது என்ன பாடுபடும் என்று எவரும் சொல்லவில்லை. பட்டவன் சொல்கிறேன்.

நான் காரைக்குடிப் பக்கத்து ஆள். சென்னையில் சில ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டு டர்பனுக்கு வந்தேன். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பகலில் ஓட்டல் வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாணம், கோயில் விசேஷம் என்று வெளிச் சமையல். வெங்காயம் மூட்டைக் கணக்கில் உரித்து நறுக்க வேண்டிய தொழில். வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. மருந்து தடவினேன், பட்டை கட்டினேன், குறையவில்லை. யோசித்துப் பார்த்தால் கோளாறு கையில் மட்டும் இல்லை. ஓட்டல் கத்தி தடிமன், அதற்குக் கூரும் நிற்காது, ஒவ்வொரு வெங்காயத்தையும் அமுக்கித்தான் வெட்ட வேண்டும். மெல்லிய, கூர் நிற்கிற கத்தி என்று தேடப்போய்த்தான் ஜப்பானிய கார்பன் ஸ்டீலில், அதாவது துருப்பிடிக்கிற எஃகில், வந்து மாட்டினேன்.

மாட்டினேன் என்று சொன்னாலும், எதை வாங்குவது என்று படித்த நாட்கள் நன்றாகவே இருந்தன. ஜப்பானியக் கத்திகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வடிவம் உண்டு. எல்லா வேலைக்குமான செஃப் கத்திக்குக் கியூட்டோ என்று பெயர். 210, 240, 270 மில்லிமீட்டர் நீளங்களில் வரும். அதைவிடக் குட்டையாக, முனை மழுங்கலாக இருப்பது சன்டோக்கு, 165 முதல் 180 வரை. நகிரி காய்கறிக்கு மட்டும். டெபா மீன் அறுக்க, யானகிபா பச்சை மீனைத் துண்டு போட. கடைசி இரண்டும் வழக்கமாக ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டவை. பார்க்க அழகு, ஆனால் பூசணியை நேராகப் பிளக்கப் போனால் கத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். முதல் கத்தியாக அதை வாங்கிவிடாதீர்கள். இடதுகைக்காரர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்: ஒருபக்கக் கத்திகள் பெரும்பாலும் வலதுகைக்குத்தான் செய்யப்படுகின்றன, சில மரப்பிடிகளில்கூட வலதுகைக்கென்று ஒரு மேடு இருக்கும். நான் எடுத்தது 210 கியூட்டோ. எங்கள் ஓட்டல் மேடைக்கு 240 ரொம்ப நீளம், பக்கத்தில் நிற்பவன் முழங்கை இடிக்கும். வீட்டுக்கு என்றால் 180 சன்டோக்கு தாராளம்.

அடுத்தது எஃகு. விளம்பரங்களில் வெள்ளைத்தாள், நீலத்தாள் என்றெல்லாம் வருவது எஃகின் நிறம் அல்ல. ஷிமானே மாகாணத்து யாசுகியில் இந்த எஃகைச் செய்த ஹிட்டாச்சி மெட்டல்ஸ் (2023 முதல் அந்த நிறுவனத்தின் பெயர் ப்ரோடீரியல்) எந்த நிறத் தாள் ஒட்டி விற்றதோ அந்த நிறம். வெள்ளைத்தாள் 2 என்பதில் 1.05 முதல் 1.15 சதவீதம் வரை கார்பன். கலப்பு மிகக் குறைவு, அதனால் கல்லில் சட்டென்று தீட்டலாம். நீலத்தாள் 2 என்பதில் அதே அளவு கார்பனோடு டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் சேரும். கூர் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும், தீட்டக் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட வேண்டும். நீலத்தில் குரோமியம் இருக்கிறதே, துரு பிடிக்காதாம் என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். நம்பாதீர்கள். அதில் இருப்பது அரை சதவீதத்துக்குள். துரு பிடிக்காத எஃகு என்று சொல்ல 10.5 சதவீதமாவது வேண்டும். வெள்ளையோ நீலமோ, இரண்டும் துரு பிடிக்கும்.

எனக்குத் தெரியாமல் போனதும், விற்றவர் வாயே திறக்காததும் இன்னொன்று. இந்தக் கத்திகளில் பெரும்பாலானவை மூன்று அடுக்கு. நடுவில் கடினமான எஃகு, இரு பக்கமும் மென்மையான உறை. அந்த உறை துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் வாய்ப்பகுதியில், அதாவது வெட்டுகிற விளிம்பில், ஒரு கோடு மட்டும்தான் கறுக்கும், வாழ்க்கை சுலபம். உறை வெறும் மெல்லிரும்பாக இருந்தால் முழுக் கத்தியும் துருவுக்கு இரை. சொல்லப்போனால் நடு எஃகைவிட அந்த இரும்புதான் முந்திக்கொண்டு துருப்பிடிக்கும். என் கத்தியின் விளம்பரத்தில் எஃகின் பெயர், ஊரின் பெயர், பிடியின் மரம், பெட்டியின் நிறம் எல்லாம் இருந்தன. உறை என்னவென்று ஒரு வரி இல்லை. வாங்குமுன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். 'டமாஸ்கஸ்' அலைக்கோலம் போட்டு மலிவாக வருகிறவற்றில் கோலத்தை லேசரால் மேலே பொறித்து வைத்திருப்பதும் உண்டு. அதைக் கல்லில் தேய்த்தால் கோலம் போய்விடும், அடியில் என்ன எஃகோ ஆண்டவனுக்கே வெளிச்சம். சகாய், செகி, சஞ்சோ, எச்சிசென் என்று கத்திக்குப் பேர்போன ஊர்கள் இருக்கின்றன. ஆனால் ஊர்ப்பெயரை எவரும் பெட்டியில் அச்சடிக்கலாம். எஃகு, உறை, நீளம், எடை, வாய்க்கு மேலே எவ்வளவு மெல்லிசு என்று கேட்டுக் கேட்டு வாங்குவதுதான் சரி.

நான் எடுத்தது சஞ்சோவில் செய்தது, வெள்ளைத்தாள் 2, மேலே உலையின் கருமை அப்படியே விடப்பட்டது, மாக்னோலியா மரப்பிடி. கூரியர் செலவோடு 3,200. வந்து சேர்வதற்கு முன்னால் கூரியர்காரர்களிடமிருந்து ஒரு பில் வந்தது, இன்னும் 980 ராண்ட் கட்டச் சொல்லி. தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டுச் சரக்குக்கு 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி). அதுவும் பொருளின் விலைக்கு நேராக அல்ல. சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, சுங்க வரி இருந்தால் அதையும் சேர்த்து, அந்தத் தொகைக்கு 15 சதவீதம். 3,000 ராண்ட் பொருளை 3,300 என்று வைத்துக்கொள்வார்கள். சுங்க வரியே இல்லையென்றாலும் வாட் மட்டும் 495. அதற்கு மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம். ஜப்பானிலிருந்து வரவழைத்தால் மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் கூட்டிப் பாருங்கள். உள்ளூரில் இறக்குமதி செய்து விற்பவரின் விலை அப்போது அவ்வளவு அநியாயமாகத் தெரியாது. ஏதாவது பழுதென்றால் திருப்பிக் கொடுக்கவும் ஓர் ஆள் இருக்கும்.

கத்தி வந்த அன்று வெட்டிய முதல் வெங்காயத்தை மறக்க மாட்டேன். அமுக்கவே வேண்டாம், கத்தியின் கனத்திலேயே இறங்கியது. மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. ஒரு தட்டு நிறைய வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வெங்காயத்தின் ஓரம் சாம்பல் பூத்திருக்கிறது, கையில் இரும்பு வாடை. கத்தியின் பக்கங்களில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படலம். சாப்பிட்டால் உடம்புக்கு ஆகுமா என்று பயந்து அவ்வளவையும் கொட்டினேன். தேவையே இல்லை. அது இரும்புதான், சுவையைக் கெடுக்குமே தவிர உடம்பைக் கெடுக்காது. மேல்பூச்சு பிடிக்காத புது இரும்பில் வெங்காயம், முட்டைக்கோஸ், எலுமிச்சை, மாங்காய் எது பட்டாலும் இப்படித்தான் நடக்கும்.

இதில் எனக்கு வந்த கோபம் என்னவென்றால், இது நமக்குத் தெரிந்த விஷயம். அப்பத்தாவின் அரிவாள்மனை இரும்புதானே. வாழைக்காய் நறுக்கினால் கறுக்கும், வாழைப்பூ நறுக்கினால் கறுக்கும், அந்தக் கறுப்போடேயே அது எத்தனையோ வருஷம் உழைத்தது. அப்பத்தா அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க நினைத்ததே இல்லை. நறுக்கி முடித்ததும் கழுவி, முந்தானையில் துடைத்து, சுவரில் சாய்த்துவிடுவார். எவர்சில்வர் வந்த பிறகு அந்தப் பழக்கம் நம் கையைவிட்டுப் போய்விட்டது. அதையே திரும்ப ஜப்பான்காரர்களிடமிருந்து, இத்தனை ராண்ட் கட்டி, நான் படிக்க வேண்டியதாயிற்று.

கறுப்பு வேறு, சிவப்பு வேறு. கத்தியில் படிகிற சாம்பல், நீலம், கறுப்பு எல்லாம் காப்புப் படலம். அது ஏற ஏற இரும்பு வாடை குறையும், காயும் நிறம் மாறாது. சிவப்பு, ஆரஞ்சு, தொட்டால் விரலில் ஒட்டுகிற தூள் என்றால் துரு, உடனே எடுக்க வேண்டும். காப்பு தானாகப் படியச் சில வாரம் ஆகும். நான் வேகப்படுத்தினேன்: வெந்து சூடாக இருக்கும் கொழுப்பில்லாத இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டினால் மயில் கழுத்து நீலம் ஏறும். சூடான கெட்டிக் காப்பி டிகாக்ஷனில் சிறிது நேரம் வைத்தாலும் கறுக்கும். அந்த நாட்களில் புளிப்பானதை வெட்டுகிறபோது ஒவ்வொரு முறையும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போதும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் மாங்காய் அச்சாருக்கும் இந்தக் கத்தியை எடுப்பதில்லை. புளிப்பு, கஷ்டப்பட்டு ஏற்றிய காப்பைக் கரைத்துவிடும்.

டர்பன் வெயில்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. டிசம்பர் தொடங்கி மார்ச் வரை காற்றிலேயே தண்ணீர் இருக்கும், கூடவே கடல் உப்பு. இங்கே ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். முதல் மாதம் ஒரு ராத்திரி நன்றாகத் துடைத்துத்தான் அட்டைப்பெட்டியில் வைத்தேன். காலையில் திறந்தால் மிளகாய்த்தூள் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் துரு. பெட்டியின் அட்டையும் அதற்குள் விரித்திருந்த பஞ்சும் ஈரத்தைக் குடித்துக் கத்தியோடு ஒட்டி வைத்திருந்தன. சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, ஒயின் பாட்டில் தக்கையால் நீளவாக்கில் தேய்த்ததில் போனது. காப்பும் கொஞ்சம் போனது. அதற்கப்புறம் ஒரே வழக்கம்: வேலை முடிந்ததும் கழுவி, ஒரு துணியால் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, அடுப்படி வெதுவெதுப்பில் சில நிமிஷம் திறந்து வைத்து, பிறகு ஒரு சொட்டு எண்ணெய். ஜப்பானில் கமேலியா எண்ணெய் பூசுவார்கள். உணவுக்கு ஏற்ற மினரல் ஆயில் இங்கே மருந்துக் கடையில் கிடைக்கும், அதுவே போதும். தினம் எடுக்கிற கத்தி என்றால் தேங்காயெண்ணெய் போதும். சூரியகாந்தி எண்ணெய் மட்டும் வேண்டாம், பிசுபிசுவென்று கோந்து மாதிரி படிந்துவிடும். பிடிக்குள் கத்தியின் வால் நுழைகிற இடத்தில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; உள்ளே துருப்பிடித்தால் வெளியே தெரியாது, ஒருநாள் பிடி ஆடும். பாத்திரம் கழுவும் மெஷின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இதுவரை நடந்ததெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய அடி புரட்டாசியில் விழுந்தது. இங்கே தமிழர் வீடுகளில் புரட்டாசி என்றால் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, வெளிச் சமையலும் எல்லாம் காய்கறிதான். ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு ஆர்டர், கூட்டுக்கு மூட்டையாகப் பட்டர்நட். தெரியாதவர்களுக்கு: அது பூசணி இனம், ஆனால் கழுத்துப் பகுதி கட்டை. நான் சாம்பார் அண்டாவிடம் நின்றபோது, வேலைக்கு வந்திருந்த மதுரைத் தம்பி கையில் கிடைத்த கத்தியை எடுத்துப் பிளந்திருக்கிறான். பாதியில் இறுகியிருக்கிறது, கத்தியை இப்படியும் அப்படியும் நெம்பியிருக்கிறான். "மாஸ்டர், கத்தி பல்லு போச்சு மாஸ்டர்" என்று வந்து நின்றான். வாயில் இரண்டு இடத்தில் அரிசி மணி அளவுக்குக் காணவில்லை. அந்தத் துண்டுகள் எங்கே என்று தேடி, பிளந்த பூசணி அத்தனையையும் கொட்டினோம். தம்பியைத் திட்டவில்லை. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நம் ஓட்டல் கத்தி மென்மையானது. கட்டையில் பட்டால் வாய் வளையும், இரும்புக் கம்பியில் நாலு இழு இழுத்தால் நிமிர்ந்துவிடும். ஐரோப்பியக் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவில் 56, 58 என்று இருக்கும். இது 60க்கு மேல், சில கத்திகள் 64 வரைக்கும். அந்தக் கடினத்தால்தான் இவ்வளவு மெல்லிய வாயைத் தாங்குகிறது. வளையாது, வளைத்தால் உடையும். நேராகக் கீழே இறங்குகிற வேலை எதையும் செய்யும், பக்கவாட்டில் நெம்புவது ஆகவே ஆகாது. பட்டர்நட், மக்காச்சோளக் கதிர், எலும்பு, நண்டு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியான இறைச்சி, தேங்காய் இவற்றுக்கு வேறு கத்தி. வெட்டிய காயைப் பலகையிலிருந்து ஒதுக்கவும் வாயால் வழிக்காதீர்கள், முதுகுப் பக்கத்தைத் திருப்பி வழியுங்கள். பலகை மரமோ, மென்மையான பிளாஸ்டிக்கோதான். கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர் மேடை கூடவே கூடாது. அந்த வரிவரிக் கம்பியும் இதற்கு ஆகாது. கடினமான மெல்லிய வாயைக் கடித்துவிடும்.

வாய் உடைந்ததை நானே சரி செய்யத் தெரியாததால் சாணை பிடிக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். புல்வெட்டி அலகு முதல் கத்திரிக்கோல் வரை தீட்டுகிற இடம். கடை எது என்று சொல்லப் போவதில்லை. ஜப்பானியக் கத்தி, கார்பன் எஃகு என்று சொல்லித்தான் கொடுத்தேன். "அதெல்லாம் நிறையப் பார்த்திருக்கோம்" என்றார். 150 ராண்ட். காய்ந்த மின்சாரச் சக்கரத்தில் வைத்தார், பூவாணம் மாதிரி பொறி பறந்தது. திரும்பக் கொடுத்தபோது பல் இல்லை, வாய் வழுவழுவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். வாயை ஒட்டி வைக்கோல் நிறம், அதற்கும் கீழே விளிம்பில், முனைப் பக்கமாக, நீலம். அழகாகத்தான் இருந்தது. அந்த நீலத்தின் அர்த்தம் தெரிந்தபோது வயிறு எரிந்தது. எஃகு நீலமாகிறதென்றால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறியிருக்கிறது. இந்த எஃகுக்குக் கொல்லர் கடைசியாகப் பதம் போடுவதே ஏறக்குறைய 200 டிகிரியில். அதற்கு மேல் சூடானால் பதம் இறங்கி, கடினம் போய்விடும். அப்படித்தான் ஆனது. தீட்டித் தந்த கூர் ஒரு மூட்டை வெங்காயத்துக்குக்கூட நிற்கவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன், "கூராத்தானே இருந்துச்சு?" என்றார். அன்றைக்குக் கத்தியைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். கொஞ்ச நாள் பழைய கத்தியில்தான் வேலை, மணிக்கட்டு வலியும் திரும்பி வந்தது.

சக்கரத்தில் சாணை பிடிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. ஜப்பானில் பட்டறைகளிலேயே பெரிய சக்கரங்கள் உண்டு, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீரில்லாத வேகச் சக்கரம், மெல்லிய கத்தி, இந்த இரண்டும் சேர்வதுதான் ஆபத்து. யாரிடமாவது தீட்டக் கொடுப்பதாக இருந்தால் ஒரே கேள்வி: தண்ணீர்க் கல்லில் கையால் தீட்டுவீர்களா? ஆம் என்று சொன்னால் கொடுங்கள். இழுத்தாலே கூராகும் என்று விற்கிற சிறு கருவிகளும் வேண்டாம், பல்லைப் பிடுங்கிவிடும்.

நம்பிக்கை கொடுத்தது அந்த மூன்று அடுக்குதான். நடு எஃகு வாயில் மட்டும் இல்லை, முதுகு வரைக்கும் போகிறது. வெந்துபோன பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டால் மேலே நல்ல எஃகு காத்திருக்கிறது. சரி, கல் வாங்குவோம் என்று முடிவெடுத்தேன். முரட்டுக்கல் 400 (எண் கூடக் கூடக் கல் நைசு), அப்புறம் ஒரு பக்கம் 1000 மறுபக்கம் 6000 என்று ஒட்டிய கல், இரண்டும் சேர்ந்து 1,400 ராண்ட். மரப்பலகை 550. இந்தக் கல்லை முதலில் வாங்கி, ஓட்டலின் மொக்கைக் கத்தியில் ஒரு மாதம் பழகியிருந்தால் போதும், எனக்கு இந்தக் கதையே இல்லை. சொல்லப்போனால், 1000 கல்லில் ஒழுங்காகத் தீட்டிய சாதாரணக் கத்தி என் மணிக்கட்டு வலியில் பாதியைத் தீர்த்திருக்கும்.

தீட்டுவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கல் ஊற வேண்டிய வகையென்றால் தண்ணீரில் போட்டுக் குமிழி அடங்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிஷம். ஊற வேண்டாத கல்லும் உண்டு, தண்ணீர் தெளித்தால் போதும். ஈரத்துணி விரித்து அதன்மேல் கல்லை வையுங்கள், நகரக் கூடாது. கோணம் ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி என்பார்கள். டிகிரியை எவன் அளப்பது? என் கத்தி குதிப்பக்கம் (பிடியை ஒட்டிய பக்கம்) 46 மில்லிமீட்டர் உயரம். முதுகைக் கல்லிலிருந்து 12 மில்லிமீட்டர் தூக்கினால் 15 டிகிரி வந்துவிடும். சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளி கை அசையும்போது மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் முழு வித்தையும். சரியாகப் படுகிறதா என்று பார்க்க, வாயின் சாய்வில் மார்க்கர் பேனாவால் மை பூசி நாலு தேய் தேயுங்கள். மை மேல்பக்கம் மட்டும் அழிந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்க வேண்டும். விளிம்பில் மட்டும் அழிந்தால் இறக்க வேண்டும்.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கம் பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, விளிம்பைத் தாண்டி வெளியே போகிற மாதிரி மெதுவாக இழுத்தால், கடைசியில் நகத்தில் சிக்குகிற ஒரு சின்னச் சொரசொரப்பு. குதியிலிருந்து முனை வரை அந்தப் பிசிறு தட்டுப்பட்டால்தான் பக்கம் மாற்ற வேண்டும். முனைப் பக்கம் வராமல் இருக்கும். வளைவில் முழங்கையைச் சற்று உயர்த்த வேண்டும் என்பது கை படப் படத்தான் புரிந்தது. இரண்டு பக்கமும் பிசிறு எழுந்த பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாறி மாறி, கடைசியில் கத்தியின் கனம் மட்டும் படுகிற அளவுக்கு. அப்புறம் 6000 பக்கத்தில் சில இழுப்பு, பழைய ஜீன்ஸ் துணியில் வாயைப் பின்னோக்கி இழுத்து முடித்துவிடலாம். கல்லின்மேல் ஊறுகிற சேற்றைக் கழுவிவிடாதீர்கள், அதுவும் தீட்ட உதவும். சோதனைக்குத் தக்காளி போதும்: தோல்மேல் வைத்து, அமுக்காமல் இழுத்தால் பிடித்து இறங்க வேண்டும். வழுக்கினால் கூர் இன்னும் வரவில்லை, அல்லது பிசிறு இன்னும் இருக்கிறது.

கல்லும் நடுவில் குழியும். பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தட்டையான கண்ணாடியில் முரட்டு மணல்தாள் ஒட்டி, கோடு முழுக்க அழியும்வரை தேய்த்துச் சமப்படுத்துங்கள். குழிந்த கல்லில் எவ்வளவு மெனக்கெட்டாலும் கோணம் நிற்காது.

நீலம் போகும்வரை 400 கல்லில் தேய்த்ததில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. கத்தி உயரத்தில் மூன்று மில்லிமீட்டர் குறைந்தது. உயரம் குறைந்தால் வாய் தடித்துவிடும் என்பதால் பக்கங்களையும் படுக்கவைத்துத் தேய்த்து மெலிசாக்க வேண்டியிருந்தது. உலையின் கருமை அந்த இடத்தில் போய், இப்போது பார்க்கச் சொறி பிடித்தது போல இருக்கிறது. ஆனால் வெட்டுகிறது. வாரத்துக்கு ஒருமுறை 1000 கல்லில் ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிட்டேன்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே சமையலறையைப் பலர் புழங்குகிற வீட்டுக்கு வேண்டாம். கூட்டுக் குடும்பத்தில் மாமியார், நாத்தனார், வேலைக்கு வருகிறவர் என்று எல்லார் கையும் படும். "இதைத் தொடாதீங்க" என்று ஒரு கத்திக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது சண்டையில் முடியும். ஒரே ஒரு கத்திதான் வைத்திருப்பேன் என்பவருக்கும் வேண்டாம். அப்படிப்பட்டவர்களுக்குத் துருப்பிடிக்காத உறை போட்ட கார்பன் கத்தி, அல்லது முழுக்கத் துருப்பிடிக்காத கின்சான், விஜி10 போன்ற எஃகில் செய்த ஜப்பானியக் கத்தி நல்லது; கூரில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் தூக்கம் கெடாது. அவையும் உடையும், பட்டர்நட்டுக்கு அவையும் ஆகாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

என் ஓட்டலில் இப்போது பட்டர்நட்டுக்கென்று ஒரு தடித்த பழைய கத்தி, சிவப்புப் பிடியோடு, தனியாகத் தொங்குகிறது. மதுரைத் தம்பி அதைத்தான் எடுக்கிறான். போன மாதம் அவனே கல்லை ஊறவைத்துத் தன் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான். எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்கிறான். இன்னும் கொஞ்ச நாள் அந்தக் கத்தியிலேயே பழகு, பிசிறு கைக்குத் தெரிகிறதா பார், அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொண்டு வருவதாக இருந்தால் விமானத்தில் கத்தியைக் கைப்பையில் வைக்காதே, பெட்டியில் போட்டு அனுப்பு என்றும் சொன்னேன்.